புறங்கை

உல்கா தாம்லே நடித்தது அறுபத்திரண்டு படம்.
மராத்தியில் நாற்பத்தொன்று, மீதி இந்தி.
மருமகன் ஜெரின் போனில் எடுத்துக் காட்டினான்.
பட்டியலில் ஆறாவதாக இருக்கிற படத்தில்
பதினொரு விநாடி என் முதுகு வரும்.

முட்டத்துப் பாறையை ரத்னகிரி என்று வைத்துக்கொண்டு
படம் எடுக்க வந்திருந்தார்கள்.
கலங்கரை விளக்கம் விழாதபடி காமிராவைத் திருப்பி,
குருசடியை ஓலைத் தட்டியால் மறைத்து,
கச்சான் காற்றை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.
நடிகைக்கு நீச்சல் வராது.
கடியப்பட்டணத்தில் அப்பனோடு சிப்பிக்கு முங்குகிற
ஒரு பிள்ளை உண்டென்று எவரோ சொல்லி
எங்கள் வீட்டுக்கு ஜீப் வந்தது.
பங்குப்பேரவைக்காரர் ஓடி வந்து கேட்டார்:
"பொட்டப் பிள்ளைய சினிமாவுக்கா விடுவீரு?"
அப்பா சொன்னார்:
"மொகம் வராது ஓய். முதுகுதான்."

முந்நூறு ரூபாய்.
ஒன்பது கெஜம் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிவிட்டார்கள்,
நல்லதாய்ப் போயிற்று, காலில் சுற்றவில்லை.
ஐந்து தடவை சாகச் சொன்னார்கள்.
செத்தேன்.

குடைக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள்.
ஒருத்தன் வாளியிலிருந்து கோரிக் கோரி
அவள் முடியை நனைத்தான்.
நாங்கள் குடத்தோடு விடியுமுன் வரிசை நிற்கிற
நல்ல தண்ணி.

ஐந்தாவது சாவிலிருந்து கரையேறி வந்தபோது
கண் எரிந்தது.
விரல் முழுக்கச் சிப்பி கீறின காயம், உப்பு வேறு.
விரலைக் கண்ணில் வைக்க முடியாது.
புறங்கையால், கீழிருந்து மேலே,
ஒரே தேய்ப்பு.
அவள் பார்த்தாள். அவ்வளவுதான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
துண்டு தந்ததும் வேறொருத்தி.

மூன்று வருடம் கழிந்து
அசிசியம்மா வீட்டு டிவியில், ஞாயிறு மத்தியானம்
அந்தப் படம் போட்டார்கள்.
என் முதுகு முங்கிப் போகிறது.
அலை.
அலையிலிருந்து அவள் முகம் எழும்புகிறது.
புறங்கை, கீழிருந்து மேலே.

பிறகு விடவில்லை நான்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி
நாகர்கோவில் போய் ஒரு இந்திப் படம் பார்த்தேன்.
கதாநாயகனுக்கு அண்ணி, இரண்டே காட்சி.
தந்தி வந்ததும்
புறங்கை.
விதவையாக நடித்தாள், வக்கீலாக நடித்தாள்.
முப்பத்தெட்டு வயதில்
நாற்பது வயதுக்காரனுக்கு அம்மாவாக நடித்தாள்.
அழவேண்டிய இடம் வருமுன்
என் கை தயாராகிவிடும்.

ஜெரின் இன்னும் வாசித்தான்.
கொங்கணக் கரையில் மூன்று மாதம் தங்கி
மீன்காரப் பெண்களைக் கவனித்துப் படித்தாராம்,
அந்தக் கை அசைவுக்கே ஒரு விருதாம்.
மூன்று மாதமா!
ஒரு மத்தியானம் மக்கா. அதுவும் இங்கே.
"கோவம் வரலியா அத்தே?"
யோசித்துப் பார்த்தேன்.
திங்கள்சந்தையில் டீச்சர்மார் முறைக்கிற முறைப்பைப் பார்த்துத்தான்
நானும் விலை பேசப் படித்தேன்.
அந்த டீச்சர்மாருக்கு யார் என்ன கொடுத்தார்கள்?
ஆனாலும் அந்தத் துண்டை
அவள் கையால் தந்திருக்கலாம்.

இப்போது இந்தி சீரியலில் மாமியார்.
தமிழில் பேசுகிறாள், மெட்ராசிலிருந்து எவளோ குரல் கொடுக்கிறாள்.
முகம் அவளுடையது, குரல் இன்னொருத்தியுடையது,
கை?

தக்கலையில் எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள்.
"கண்ணுல கை வைக்கப்பிடாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.
டிவியும் ஆகாதாம்.
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன்.
மகன் வீட்டைவிட்டுப் போகிறான்.
அவளுக்கு முழங்கைவரை வளையல்,
கை மடங்கவில்லை.
மற்றக் கையால் எல்லாவற்றையும் மேலே தள்ளுகிறாள்.
எனக்கு இடது கண் அரித்துக்கொண்டு வருகிறது,
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறேன்.

கீழிருந்து மேலே,
ஒரே தேய்ப்பு.

"இன்னொண்ணு" என்றேன்.
விளம்பரம் வந்துவிட்டது.