பதினாலாம் சேனல்

குண்டல்பட்டி தாண்டும்போது நாலேகால்.
ஒற்றை வைப்பர் மட்டும் ஆடும் ஆல்ட்டோ.
பின்சீட்டில் பெல்ட் மாட்டி உட்காரவைத்த ஐஸ் பெட்டி,
அதற்குள் முப்பத்தோரு பேருடைய ரத்தம்
பெயர் ஒட்டிய குழாய்களில் நின்றபடி வருகிறது.
ஏழுக்குள் சேலம் லேபில் இறங்கியாக வேண்டும்.

டேஷ்போர்டில்
பிள்ளையார் இருக்கவேண்டிய இடத்தில்
வயர்லெஸ் பெட்டி.
ஓசூர் பழைய இரும்புக் கடையில்
எண்ணூறு சொல்லி அறுநூறுக்கு விட்டான்.
ஏரியல் காரைவிட உயரம்.
தடங்கம் பாலத்தடியில் அது வளைந்து நிமிர்வதைப் பார்த்து
மீன் பிடிக்கவா போறீங்கக்கா என்றான்
பெட்ரோல் பங்க் பையன்.
ஒரு விதத்தில் அதுதான்.

முதலில் கொர்ர்.
எண்ணெயில் கடுகு.
வெடிக்கும் கடுகுக்கு நடுவே ஒரு மனுஷன்:

"கட்டமேட்டுல ட்ரெய்லர் ஒண்ணு சாஞ்சு கெடக்கு.
வலப்பக்கம் ஒரு வண்டி போற எடம் இருக்கு."

"யோவ் மாதப்பா, ஆளு?"

"ஆளு வெளிய குந்தி பீடி புடிக்கிறான்."

அவ்வளவுதான் செய்தி.
என் போனின் வரைபடம்
கட்டமேட்டை இன்னும் பச்சையாகவே வைத்திருக்கிறது.
வண்டிகள் நின்ற பிறகுதான் அதற்குத் தெரியும்.
அந்தப் பீடியோ அதற்கு எப்போதுமே தெரியாது.

மாதப்பனை நான் பார்த்ததில்லை.
இருமலை வைத்து ஐம்பது வயது கொடுத்திருக்கிறேன்.
சங்ககிரி டேங்கர்காரன்
ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்' கட்டுவான்.
இன்னொருவன் கன்னடத்தில் கும்பிட்டுத் தமிழில் திட்டுவான்.
இவர்களில் யாருக்கும் நான் இருப்பது தெரியாது.
இரண்டு வருடத்தில்
பேசும் பொத்தானை ஒருநாளும் அமுக்கியதில்லை.
பெண்குரல் கேட்டால் ரோட்டை விட்டுவிட்டு
என்னைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.
எனக்கு ரோடு வேண்டும்.

பாளையம் சுங்கச்சாவடிக்கு அப்பால்
தூறல்.
சாலை தலை குனிகிறது.
இரண்டாம் கியர். இறக்கம் முழுக்க இரண்டாம் கியர்.
நியூட்ரலில் இறக்காதீர் என்ற பலகையைப்
படித்துவிட்டு
நியூட்ரலில் இறங்குகின்றன லாரிகள்.

அப்போது பெட்டி சொன்னது:

"முன்னாடி ஒரு வெள்ளக் காரு. சின்னது.
நத்தையாட்டம் போவுது. பின்லைட்டு ஒண்ணு எரியல.
வரவங்க பாத்து வாங்க."

யாரோ பாவம் என்று நினைத்தேன்.
முன்னால் ஒரு வண்டியும் இல்லை.
கண்ணாடியில்
மலை கண் விழித்ததுபோல் இரண்டு விளக்கு.

"தூங்குறானா, குடிச்சிருக்கானா?"

"தெரியல. மேல என்னமோ கொம்பு நட்டு வெச்சிருக்கான்."

இத்தனை நாள் சாலையை நான் கேட்டேன்.
இன்று சாலை
என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கட்டைவிரல் தானாகப் போயிற்று.
"அந்த வெள்ளக் காரு நாந்தான்" என்றேன்.
"குடிக்கல. ரத்தம் ஏத்திட்டுப் போறேன்.
குலுங்கக் கூடாது."

கடுகு அடங்கிவிட்டது.
ஒரு வளைவு முழுக்க ஒன்றுமில்லை,
வைப்பரின் தேய்ந்த ரப்பர் மட்டும்.

பிறகு டேங்கர்காரன்:
"அப்ப அது கொம்பு இல்லீங், ஏரியலுங்."

மாதப்பன் இருமினான்.
"எத்தன நாளாம்மா கேக்குற?"

"ரெண்டு வருஷமா."

"நாங்க திட்டிக்கிட்டது பூரா?"

"பூரா."

எங்கோ ஒருவன் ஐயோ என்றான், கன்னடத்தில்.

பின்னால் வந்த மலை
விளக்கைத் தாழ்த்திக்கொண்டது.
முந்தவில்லை. ஹாரன் அடிக்கவில்லை.
பதினாலு சக்கரமும் என் வேகத்துக்குச் சுருங்கி
கட்டமேடு வரை கூடவே இறங்கியது.

அங்கே ட்ரெய்லர் ஒருக்களித்துக் கிடந்தது.
வலப்பக்கம் ஒரு வண்டி போகிற இடம்,
மாதப்பன் சொன்ன அளவு, ஒரு சாண் கூடக் குறையாமல்.
தடுப்புச் சுவரில் அந்த ஆள்.
கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

பொத்தானை அமுக்கினேன்.

"பீடி முடிஞ்சிருச்சு.
யாரோ டீ குடுத்திருக்காங்க.
ஊதி ஊதிக் குடிக்கிறான்."