கையெழுத்தில்லாதது

பதினொன்று இருக்கின்றன என்னிடம்.
பத்துக்கு விலை தெரியும்.

கரடிப்போக்குச் சந்தி, ரயர்க் கடைக்கு மேல்மாடி,
ஒரே ஒரு பூல் மேசை.
பொடியள் அடிப்பது சுவரில் சாத்திய சீனத்துத் தடிகளால்.
இவை வேறு. இவை அலுமாரிக்குள், பூட்டோடு,
ஈரத்தை இழுக்கட்டும் என்று
ஒரு சுண்டு அரிசி பக்கத்தில்.

மதிப்பிடுவது இப்படி:
முதலில் மேசையில் உருட்டு.
மரம் பொய் சொன்னால் நுனி துள்ளும்.
பிறகு ஒற்றை விரலில் தூக்கு.
அடியிலிருந்து பதினெட்டு அங்குலத்தில் நின்றால்
செய்த ஆளுக்குக் கணக்குத் தெரியும்.
பித்தளைப் புரி கடைசிச் சுற்றில் இறுக வேண்டும்,
முனகக் கூடாது.
கருங்காலிக்குள் முதிரை கூர்கூராய் ஏறுகிற இடத்தில்
கண்ணை மூடி நகத்தால் தடவு.
நகம் தடக்கினால் ஐயாயிரம் குறை.

எல்லாம் மல்லாவிப் பத்திநாதரின் கடைசல்.
தண்டு மட்டும் மேப்பிள்:
கனடாவிலிருந்து மச்சான் பெட்டியில் போட்டனுப்பிய
உடைந்த ஹொக்கி மட்டைகள்.
அடியில் ரப்பர்க் குமிழைக் கழற்றினால்
சுட்ட ஆணியால் ஒரு 'ப', ஓர் இலக்கம்.

பதினொராவதில் அது இல்லை.
எட்டுக் கூர், எட்டும் ஒரே உயரம்.
ஒரு கூரின் நடுவில் கடுகளவு இரும்பு.
வன்னி முதிரையில் அது இருக்கும்;
வாள்பல்லுப் போன கணக்கை
மரஆலைக்காரரிடம் கேளுங்கள்.
எடுக்காமல், மரத்தோடு மரமாய் மினுக்கி விட்டிருந்தது.
நகம் அதைக் கண்டுபிடிக்காது.
ஆறு வருடமாய் அதைக் காட்டிய இடமெல்லாம்
அவர் பெயரைத்தான் சொன்னேன்.

ஆடியில் ஸ்காபரோ நவரட்ணராசா வந்தார்,
வில்லையோடு, போனில் ஒரு பட்டியலோடு.
பத்தையும் அரை மணித்தியாலத்தில் முடித்தார்.
பதினொராவதில் வில்லை நின்றுவிட்டது.
"இதுக்கு மட்டும் நாலு லட்சம்.
ஆனா ஒப்பம் வேணும்."

வாடகை வானில் மல்லாவிக்குப் போனோம்.
பத்திநாதர் ஒருக்கால் பார்த்தார்,
உருட்டக்கூட இல்லை.
"இது நான் செய்யேல்லை.
காய்ச்சலில கிடந்த மாசம், ஓடரைத் தள்ளேலாது."
உள்ளே திரும்பி, "எமில்டா!"

முழங்கை வரை மரத்தூளோடு வந்தாள்,
கண்ணாடிக் காலுக்குப் பதில் நூல்.
அவள் பார்த்தது தடியை மட்டும்.

நவரட்ணராசா வில்லையை மடித்தார்.
பெயரில்லாத ஆள் என்றால் எழுபத்தையாயிரம், என்றார்.
கொஞ்சம் நின்று, குரலைத் தணித்து,
"அண்ணை ஒரு 'ப' வச்சா நாலு. ஆருக்குத் தெரியும்?"

கடைசல் பட்டறை நின்றது.
ஆணி சுடும் அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது,
கனலோடு.
நான் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.
பத்திநாதர் மனைவியைப் பார்த்தார்.
அவள் அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"எடுத்தா ஓட்டை வரும். ஓட்டையிலும் இது வடிவு எண்டு விட்டனான்.
பிழையோ தெரியாது."
பிறகு, எனக்கு:
"இதால அடிச்சா எப்பிடி இருக்கும்?"

நாற்பத்தொரு தடி அந்த வீட்டில் கடைந்திருக்கிறார்கள்.
மேசையை அவள் கண்டதே இல்லை.

ஞாயிறு பஸ்ஸில் வந்தாள்.
பொடியள் ஒதுங்கி நின்றார்கள், ஒருத்தன் சோக்குப் பூசிக் கொடுத்தான்.
அலுமாரியைத் திறந்தேன்.
குனிந்தாள், நீளமாய்ப் பார்த்தாள்,
பந்தை அல்ல, தண்டு நேரா என்று.
அடித்தாள்.

அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.
ஆறு வருடத்தில் ஒரு தரமும் அதால் அடித்ததில்லை,
அடித்தால் விலை போய்விடும்.

வெள்ளைப் பந்து நேரே போய்
மூலைக் குழிக்குள் விழுந்தது.

"இதுக்கு எவ்வளவு?" என்றாள்.

"அது பிழை அன்ரி, ஒண்டும் இல்லை."

குழிக்குள் கையை விட்டு வெள்ளையை எடுத்தாள்.
சேலையில் துடைத்து,
திரும்ப வைத்தாள்.