பத்தின் மடங்கு

புளியரை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
அறுபது டன் தாங்கும் எடைமேடை என்னுடையது.
என்னுடையது என்றால், இரவு ஷிப்ட்.
ஜல்லி, எம்-சாண்ட், வைக்கோல், ஒருமுறை கருங்கல் பிள்ளையார்.
யாரானாலும் பத்துப் பத்தாகத்தான் சொல்லும்.
நடுவில் நிற்பதை
மேலே தள்ளும், அல்லது கீழே.

பன்னிரண்டு வருடமாக
லாரிக்கும் லாரிக்கும் இடையில் டன்னு ஏறி நிற்கும்.
திரையில் 20.
இறங்கும். 0.
ஓவர்லோடு என்று டிரைவர்கள் சிரிப்பார்கள்.
ஆவணிக் கடைசியில் ஒரு விடிகாலை
ஏறி நின்றது. 10.
இறக்கி மறுபடி ஏற்றினேன்.
10.

ஒரே இரவில் பத்து கிலோ போகாது,
எனக்குத் தெரியாதா.
பதினைந்துக்கு ஒரு கைப்பிடி மேலே
எத்தனை மாதம் ஒட்டிக்கொண்டு நின்றதோ.
மிஷின் அதுவரை அதற்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

ஆரியங்காவில் டாக்டர் பிந்து குரியாக்கோஸ்
பல்லைப் பார்த்தார், இமையை விரித்துப் பார்த்தார்,
ரத்தம் எடுத்துப் புனலூருக்கு அனுப்பினார்.
மூன்றாம் நாள் போனில்:
"சங்கிலி, கிட்னி மோசம். உப்பு வேண்டா.
எல்லு தொடவே கூடாது.
குறைச்சு குறைச்சு, நாலு நேரம்."
அது எள்ளுருண்டை தின்னாதே டாக்டர் என்றேன்.
எலும்பு, சங்கிலி, எலும்பு என்றார்.

பெயர்தான் எனக்குச் சங்கிலி.
அதன் கழுத்தில் ஒன்று கிடந்ததில்லை.
இரவு ஒன்பதரைக்குச் சாவடியைத் தாண்டி,
பெர்மிட் இல்லாமல்,
ஷிஹாபுதீனின் புரோட்டாக் கடைக்குப் போய்விடும்.
பீஃப் எலும்பு, சட்டியடியில் வழித்த குழம்பு.
நான் போய்ச் சொன்னேன்.
அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.
"பன்னிரண்டு வருஷம் கொடுத்த கை.
இன்னைக்கும் வந்து நிக்கும்.
நான் எந்தப் பக்கம் பார்க்கட்டும்?"

இப்போது அதே இலையில்
குழைய வடித்த பச்சரிசி, மசித்த பூசணி,
வெள்ளைக்கரு.
முதல் நாள் டன்னு அதை முகர்ந்தது.
அவரை முகர்ந்தது.
மறுபடி இலையை.
பிறகு முதுகைக் காட்டி
லாரி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.
அன்று ஷிஹாபுதீன் ஒரு கல் புரோட்டாவைக் கருக விட்டார்.

வெதுவெதுப்பாகக் கொடுங்கள் என்றார் பிந்து,
மூக்குக்கும் வயதாகிறது,
சூடு இருந்தால்தான் வாசனை அதன் வரைக்கும் நடந்து வரும்.
லாரி சைலன்சரின் மேல் கிண்ணத்தை வைத்துப் பார்த்தேன்.
டீசல் நாறியது.
கடைசியில் டீக்கடைப் பாய்லரின் தலையில்.
மூன்றாம் நாள் நக்கியது.
ஐந்தாம் நாள் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு
கேபின் வாசல் வரை வந்துவிட்டது.

தண்ணீர்தான், தொட்டியே காலியாகக் குடிக்கிறது.
இரவில் நாலு தரம் மேடையைக் கழுவுகிறேன்.
மஞ்சள்கரு என் பங்குக்கு வந்தது.
கொட்ட மனமில்லை, மிளகு தூவித் தின்றேன்.
தினமும் மூன்று.
இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன்.

நேற்று மழை. எஸ் வளைவில் மரம் விழுந்து
ஒரு வண்டியும் வரவில்லை.
டன்னுவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு
மேடையின் நடுவில் நின்றேன்.
அதன் விலா என் விரல்களுக்குள் எண்ணக் கிடைத்தது.
முன்பெல்லாம் இப்படி நின்றால் 80.
நேற்றும் 80.
ஒதுங்கி நின்ற கிளீனர் பையன்
விளையாட்டாகப் பட்டனை அழுத்திவிட்டான்.
ரசீது வந்தது.

மொத்த எடை: 80.
வெற்று எடை: பதிவாகவில்லை.
சரக்கு என்ற இடத்தில் ஒரு கோடு.
திருப்பிப் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்,
நாலு மணிக்கு. அரை அகப்பை. சூடாக.