வெயிட்டிங் காசு

ஆட்களைக் கன்னியாவில் இறக்கிவிட்டால்
ஒரு மணித்தியாலம் எனக்குச் சொந்தம்.
ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றி
எது கூடச் சுடுகிறதென்று அவர்கள் வாதாடி முடிக்கும்வரை
ஓட்டோவைப் பாலைமர நிழலில் விட்டுவிட்டு
பின்பக்கக் காட்டுக்குள் முப்பது எட்டு வைப்பேன்.

கையில் ஒரு தூரக்கண்ணாடி.
மூதூர்க்காரன் ஒருவன் ஹயர் காசுக்குப் பதிலாகத் தந்தது.
இடது குழலில் பூஞ்சணம்.
ஆகையால் காடு எனக்கு எப்போதும்
வலது கண்ணுக்கு மட்டும்தான்.

முதலில் ஒன்றும் இராது.
வீரை, வீரை, முதிரை,
பட்டுப்போன ஒரு பனிச்சை.
மாசி வெயில் சருகைச் சூடாக்கும் சத்தம்.
பிறகு ஒரு இலை
காற்றில்லாமல் அசையும்.

வந்துவிட்டன.

மாம்பழச்சிட்டு தலைகீழாய்த் தொங்கி
இலையின் அடிப்பக்கத்தை வாசிக்கிறது.
பட்டாணிக்குருவி பட்டையைத் தட்டித் தட்டி
யாரும் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்கிறது.
மின்சிட்டுகள் ஐந்தாறு, ஆணுக்கு நெஞ்சில் தணல்,
ஒரு கொப்பிலிருந்து மறு கொப்புக்குச் சிந்துகின்றன.
விசிறிவாலி சும்மா இராது:
விரிக்கும், மடிக்கும், விரிக்கும்,
சீட்டாடத் தெரிந்தவன் கை மாதிரி.
பச்சையாய் இன்னொன்று. வெளியூர்க்காரன்.
எந்தக் குளிருக்குத் தப்பி வந்ததோ,
பெற்றோல் ரசீதின் பின்புறம்
'பச்சை, ?' என்று எழுதிக்கொள்கிறேன்.

எண்ணத் தொடங்கினால் ஆறைத் தாண்டுவதில்லை.
எண்ணிய குருவி இலைக்குப் பின்னால் போய்
எண்ணாத குருவியாகத் திரும்பி வரும்.

போன கிழமை கொழும்பு அம்மா ஒருவர்
செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்துவிட்டார்.
"எத்தனை சாதி, என்ன ஒற்றுமை,
உங்கட திருகோணமலை மாதிரியே" என்றார்.
தலையாட்டினேன். ஹயர் தந்தவர்.
ஆனால் நான் கனநாளாய்ப் பார்க்கிறவன்.
ஒன்று மற்றதின் முகத்தைப் பார்ப்பதில்லை.
நுனியிலை அதற்கு, அடிக்கொப்பு இதற்கு,
ஒன்று கலைத்த பூச்சி மற்றதின் வாயில்.
கேட்டுக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான்.
காது ஒன்று.
வயிறு வேறு வேறு.

நடுவில் கரிச்சான், வால் பிளந்த காவல்காரன்.
வல்லூற்றின் குரலில் அது ஒருதரம் கத்தினால்
காடு முழுக்க ஒரே இறுக்கம்.
தொங்கியது தொங்கியபடி,
விசிறி மடித்தபடி.
நானும்தான், பேனை காற்றில்.
அந்த நிற்றல் எனக்குப் பழக்கம்,
பள்ளிக்கூடச் சட்டையோடு பழகியது.

வல்லூறு இல்லை.
கரிச்சான் மட்டும் இறங்கி
மாம்பழச்சிட்டு தவறவிட்ட தத்துவெட்டியைத்
தூக்கிக்கொண்டு போனது.

இன்றைக்கு இரண்டாம் முறையும் கத்தியது.
பொய்யென்று எனக்குத் தெரியும்.
அவைக்கும் தெரிந்திருக்கும்.
நின்றோம்.

மூன்றாம் முறை கத்தவேயில்லை.
ஒரு நிழல் முதிரையைக் குறுக்கே கடந்தது,
ஈரத் துவாயை ஒருக்கால் உதறினாற்போல் ஒரு சத்தம்,
பிறகு மிக மெதுவாய் இறங்கிவந்த
மஞ்சள் இறகு ஒன்று.

எண்ணி வைத்திருந்தால்
ஒன்று குறைந்ததென்று சொல்லலாம்.
நான் ஆறைத் தாண்டவில்லை.

கரிச்சான் முதலில் அசைந்தது.
பிறகு பட்டையில் தட்டல்.
பிறகு எல்லாம், வீதிப்பக்கமாக,
ஒன்றுக்கும் அவசரமில்லாததுபோல்
அவசரமாகப் போய்விட்டன.

தலைமயிர் சொட்டச் சொட்ட அவர்கள் வந்தார்கள்.
"கனநேரம் காக்க வைச்சிட்டமோ?"
"சீச்சீ."
சீற்றில் ஈரம், வெந்நீர் வாசம்.

அபயபுரச் சந்தியில் இறக்கிவிடும்போது
வெயிட்டிங் காசில் நூறு ரூபாய் குறைத்தேன்.
ஏனென்று அவர்கள் கேட்கவில்லை.