எழுவாய்

குச்சவெளியில் எங்கள் சபை கூடும் மூன்றாம் புதன்.
கூட்டறிக்கை எழுதுவது நான்.
மின்விசிறி தாளைக் கிளப்பாமல் இருக்க
ஒரு சங்கு வைத்திருக்கிறேன்.
கடற்கரையில் பொறுக்கியதல்ல,
போன மார்கழி வாடையில்
அலுவலக வாசலில் கிடந்தது.

கட்டாக்காலி மாடுகளுக்கு
ஒன்றே கால் மணித்தியாலம் போயிற்று.
தெருவிளக்கு, சந்தைக் குத்தகை,
தேநீர், ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.
பிறகுதான் விடயம் ஏழு:
இறக்கக்கண்டிப் பெண்கள் ஒன்பது பேர்.
வாங்கில் இருக்கச் சொன்னோம். இருக்கவில்லை.

ரிஸ்மியாவின் கையில் ஜாம் போத்தல்.
நாகபூசணி சோடாப் போத்தலில் கொண்டுவந்திருந்தாள்.
மேரி ஸ்டெல்லா மகனின் பள்ளிக்கூடப் போத்தலில்,
அதில் பாதி உரிந்த ஒரு பூனைப் படம்.
மூன்றும் கிணற்றுத் தண்ணீர்.
தவிசாளருக்கு முன்னால் இருந்த
கடைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.
பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"குடிச்சுப் பாருங்கோ."

ஒருவரும் கை நீட்டவில்லை.

நாகபூசணி சொன்னாள்:
கடல் பனையளத் தாண்டி வரேல்லை, ஐயா.
எட்டுப் பனையில ஐஞ்சை விழுத்திப்போட்டு
மிச்சத்தை விட்டிட்டு
நிலத்துக்குக் கீழால வந்திட்டுது.
வெங்காயத்தாள் நுனி கருகேக்க
பூச்சி எண்டு நினைச்சு மருந்தடிச்சம்.
கடலுக்கு மருந்தடிச்சிருக்கிறம்.

யாரோ சிரித்தார். அதை நான் எழுதவில்லை.

மேரி ஸ்டெல்லா: புதனும் சனியும் பவுசர் வருது.
வராத நாளில என்ர பொடியன்
பள்ளிக்கூடத்தில இந்தப் போத்தலை நிரப்பிக்கொண்டு வாறான்,
வீட்டுக்கு.

அவர்கள் கேட்டது பெரிதில்லை.
மண் பெர்மிட்டை இரத்துச் செய்யுங்கள்.
கிணறுகளை மாதாமாதம் அளந்து கணக்கு வையுங்கள்.
அந்தக் கணக்கோடு கொழும்பு வாசலில் போய் நில்லுங்கள்.

உறுப்பினர் ஒருவர்: இது உலகப் பிரச்சினை.
இன்னொருவர்: போன வருடம் கண்டல் நட்டோம், படம் இருக்கிறது.
மூன்றாமவர்: மாகாணத்துக்கு ஒரு கடிதம் போடலாம்.
மாகாணம் கொழும்புக்குப் போடும்.
கொழும்பு கோட்டுப் போட்டுக்கொண்டு
எந்த நாட்டு மாநாட்டுக்கோ போகும்.

உலகப் பிரச்சினைதான். யார் இல்லையென்றது?
கரியைக் கொளுத்தியவன் ஏதோ ஒரு கரையில்,
கரைகிறவள் இந்தக் கரையில்.
அந்தக் கணக்கையும் கேட்கத்தான் வேண்டும்,
சத்தமாக, காசோடு சேர்த்து.

ஆனால் ரிஸ்மியா விடவில்லை.
"அலையை மறிச்சுக்கொண்டு நிண்ட மணல்மேடு,
அதை அள்ளப் பெர்மிட் குடுத்ததும் உலகமா?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.

அந்தப் பெர்மிட் என் கையெழுத்தில் இருக்கிறது.
பழைய கொப்பியைப் புரட்டினேன்:
'அனுமதி வழங்கப்பட்டது.'
அதற்கு முன், 'கவனத்திற் கொள்ளப்பட்டது.'
அதற்கும் முன், பக்கம் பக்கமாக,
'ஒத்திவைக்கப்பட்டது.'
பதினொரு வருடம்,
ஒரு வாக்கியத்திலும் ஓர் ஆள் இல்லை.
எல்லாம் தானாக நடந்திருக்கிறது,
மழை மாதிரி.
மழைகூட இப்போது தானாகப் பெய்வதில்லை.

யார் என்று கேள், எழுவாய் கிடைக்கும்.
எட்டாம் வகுப்பு இலக்கணம்.
பரீட்சைக்குப் பிறகு அந்தக் கேள்வியை
நான் யாரிடமும் கேட்டதில்லை.

தவிசாளர் மணியைப் பார்த்தார்.
"அப்ப, விடயம் ஏழு ஒத்திவைக்கப்..."

"ஆர்?"

என் குரல்தான்.
எழுதுகிறவளுக்கு இங்கே பேச உரிமை இல்லை.
"ஆர் ஒத்திவைக்கிறது? பெயர் வேணும், எழுத."

பதினாறு பேர் தங்கள் தாள்களுக்குள் குனிந்தார்கள்.
மேரி ஸ்டெல்லா மூடியைத் திருகித் திறந்து
போத்தலை மேசை நடுவுக்குத் தள்ளினாள்.

பெயருக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.
அதற்கு மேல்,
பெர்மிட்டுக்குக் கை உயர்த்தியவர்களை
ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.
என்னுடையதையும், கடைசியில்.

எழுவாய்.
இலக்கணத்தில் அது ஒரு பெயர்.
வாய்விட்டுச் சொன்னால் ஏவல்.
கடலுக்கு யாரும் சொல்லவில்லை, எழுகிறது.
இந்த அறைக்குத்தான்
சொல்லவேண்டியிருக்கிறது.