கை போகும் இடம்

யெல் தீவுக்கு முதல் படகு ஆறே முக்காலுக்கு.
வண்டிக்குள் துளைக்கருவி, நான்கு கைப்பிடிக் கம்பி,
ஒரு சாவிப்பெட்டி, கவுன்சில் கொடுத்த படிவம்.
பெயருக்குக்கூட ஒரு மரம் இல்லாத சாலை.
எதில் மோதுவதென்று தெரியாத காற்று
என் வண்டியில் வந்து மோதுகிறது.

படிவத்தில் இருந்தது:
ஓஸ்லா ஹால்க்ரோ. வயது அறுபத்தொன்று.
பக்கவாதம், இடப்பக்கம். தனியே வசிப்பவர்.
கழிப்பறையில் ஒன்று, குளியலறையில் இரண்டு,
பின்வாசல் படியோரம் ஒன்று.
உயரமெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில்.

படிவத்தில் இல்லாதது:
ஷெட்லாந்தின் இந்த மூலையில்
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவள் அவள்.

சுவரில் பென்சில் கோடு இழுத்தேன்.
"அங்கே இல்லை" என்றாள்.
அளந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.
"நான் நின்றபோது அளந்தார்கள்.
நிற்கிறவளுக்கு எதற்குக் கம்பி?"

ஒரு கையால் தேநீர்க் குவளையை நகர்த்தினாள்.
பாதி சிந்தியது. துடைக்கப் போன என்னை
ஒரு பார்வையில் உட்காரவைத்தாள்.

"லோவ்ரி, என் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருந்தது.
வளைவில் வண்டி சாயும்போது
யார் கை எங்கே போகும் என்று
அதில் பார்த்துப் பார்த்தே ஓட்டினேன்.
மேலே அழகாகக் கம்பி போட்டிருந்தார்கள்.
பயந்த கை மேலே போனதே இல்லை.
முன்சீட்டின் முதுகுக்குப் போகும்,
முன்பின் தெரியாதவன் தோளுக்குப் போகும்.
பாதிரியார் ஒருமுறை
கோழிக்கூண்டைப் பிடித்துக்கொண்டார்."

சரி, காட்டுங்கள் என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு அவள் சாய்ந்தாள்.
இரண்டு கையையும் விரித்தபடி
பின்னால் நின்ற எனக்குத்தான் கால் நடுங்கியது.
வலக்கை பட்டென்று சுவரில் அறைந்தது.
எடுக்காதீர்கள் என்று சொல்லி
ஐந்து விரலையும் சுற்றிப் பென்சிலை ஓட்டினேன்.
நான்கு இடம், நான்கு கை.
என் கோட்டுக்கு ஒரு சாண் கீழே.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
அளந்துவிட்டுப் போன ப்ரையனி கொஞ்ச நேரம் பேசவில்லை.
"படம் எடுத்து அனுப்பு" என்றாள்.
"நான் ஏன் அவரைச் சாயச் சொல்லவில்லை?"
அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை.

சுவருக்குள் பழைய கல். துளைக்க ஒரு மணி நேரம்.
வீடு முழுக்க வெள்ளைத் தூசி.
நாய் தும்மியது.

சாவிப்பெட்டிக்கு நான்கு இலக்கம் வேண்டும்.
காலையில் உடை மாற்றிவிட வருகிறவள்,
இரவு ஒருமுறை எட்டிப்பார்க்கிறவள்,
தீயணைப்பு ஆட்கள்,
இவர்களைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது
என்று ஒப்பித்தேன்.
"பூஜ்யம் ஏழு ஒன்று ஐந்து. முதல் பேருந்து."
இந்தத் தீவில் அது யாருக்குத் தெரியாது?
"அதனால்தான்."

கடைசியாகக் கழுத்தில் சிவப்புப் பொத்தான்.
மாட்டுக்கு மணி கட்டுகிறாயா என்று முகம் சுளித்தாள்.
ஆனாலும் தலையைக் குனிந்து கொடுத்தாள்.
அமுக்கிப் பாருங்கள், சோதனைதான்.
மேஜையிலிருந்த பெட்டி கரகரத்தது.
கடலுக்கு அப்பால் எங்கிருந்தோ ஒரு பெண் குரல்:
திருமதி ஹால்க்ரோ, நலமாக இருக்கிறீர்களா?

"கதவு மூடியாயிற்று. பயணி ஒருத்தி.
டிக்கெட் சரி பார்த்தாயிற்று."

அந்தப் பக்கம் தாள் புரளும் ஓசை.
பிறகு, தயங்கித் தயங்கி:
எங்கே போகிறீர்கள், அம்மா?

"எங்கேயும் போகிறதாக இல்லை" என்றாள் ஓஸ்லா.

பென்சில் கைகளை அழிக்க வந்த துணியை
அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.
சரி, கம்பிக்குப் பின்னால் இருக்கட்டும்.

மாலைப் படகு நடுவழியில் ஒருபக்கம் சாய்ந்தது.
என் கை எங்கே போயிற்று என்று பார்த்தேன்.
சட்டைப்பைக்கு.
பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.