புள்ளி ஒன்று

ஒரே படம், மூன்று தட்டுகள்.
ஹாங்காங்கிலிருந்து வந்ததில் ட்ரூ எச்டி.
ஜெர்மன் பதிப்பில் டிடிஎஸ் மாஸ்டர்.
மூன்றாவது ஜப்பானியப் பெட்டி,
சுருக்காத, மடிக்காத வெறும் பிசிஎம்.
அறுபத்தெட்டு வெள்ளி.
அருளப்பனிடம் முப்பது என்றிருக்கிறேன்.

சிம் லிம்மில் நாலாம் மாடிக் கடை குவெக்கிடம்
எது மேல் என்று கேட்டேன்.
"மாஸ்டர்னா மாஸ்டர்தான்" என்றார்.
பிசிஎம்? அதற்கும் தலையாட்டினார்.
விற்பது அவர், கேட்பது நான்.

செங்காங், பன்னிரண்டாம் மாடி,
ஞாயிறு பிற்பகல், திரைச்சீலை இழுத்த இருட்டு.
பதுங்கறைச் சுவரில் துளை போடக் கூடாது,
வீவக விதி;
ஆகவே இடப்பக்கப் பின் ஒலிபெருக்கி
அரிசி வாளியின் மேல்.
அரிசி குறையக் குறைய ஓசை மாறுகிறதென்று
போன மாதம் நான் சொன்னதை
அவர் இன்னும் மறக்கவில்லை.

"மூன்றிலும் ஒன்றும் தொலையவில்லை என்றால்
மூன்று எதற்கு?"
நியாயமான கேள்வி.
இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கினோமே,
காற்றை உறிஞ்சும் பை,
கனத்த போர்வையை அப்பளமாக்கிக்
கட்டிலடியில் தள்ளினோமே,
திறந்ததும் அது மூச்சு வாங்கி எழுந்ததே,
ஒரு நூல் குறைந்ததா?
அப்படித்தான் முதல் இரண்டும்.
பிசிஎம், பைக்குள் போகாத போர்வை.
"அப்போ எல்லாம் ஒரே போர்வை."
ஆமாம், என்றேன்.
ஆனாலும், என்றேன்.

ஏசி அணை. விசிறி அணை.
மீன்தொட்டி மோட்டாரையும் கொஞ்ச நேரம்;
மீன்கள் பொறுத்துக்கொள்ளும்.
நாற்பத்தோராம் நிமிடம்:
தகரக் கூரை, முதல் துளி,
பிறகு பின்னாலிருந்து முன்னால் உருளும் இடி.
திரைக்குத் துணி போர்த்தினோம்.
பழைய ஃபோர்-டி சீட்டின் முதுகில்
அவர் நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

முதல் சுற்று: துளிகள் தூரத்தில்,
கொஞ்சம் கூச்சத்தோடு.
இரண்டாவது: ஆகா, கூரை கைக்கெட்டும் உயரத்தில்,
ஆணித் துளையில் துரு தெரிகிறது.
மூன்றாவது: மழை இன்னும் அகலம்.
இடது மூலையில் ஒரு வாழையிலை,
இரண்டாவதில் இல்லாதது,
சத்தியமாக நனைகிறது.

துணியை விலக்கினார்.
முதலாவது ட்ரூ எச்டி.
இரண்டாவது ஜெர்மன்.
மூன்றாவதும் ஜெர்மன்.
"தட்டு மாற்றத்தான் எழுந்தேன்,
பால் பொங்கிடுச்சு,
வந்து அதையே மறுபடி ஓட்டிட்டேன்."

முதலாவதின் கூச்சமும் பிடிபட்டது.
எல்லாப் படத்திலும் பேச்சு ஒரே உயரத்தில் நிற்க
அதற்குள் ஓர் எண் எழுதியிருக்கிறது;
அந்த எண் மழையையும் சேர்த்து
நாலு டெசிபெல் தாழ்த்திவிடுகிறது.
நாலைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஓட்டினேன்.
கூச்சம் போயிற்று. துரு வந்தது.

வாழையிலை மட்டும் போக மறுக்கிறது.
சிலிக்கான் ஆலையில் ஒன்பது வருடம்,
இரவு முறை, விசிறிக் கூரையின் கீழ்.
இடது காதில் ஆறாயிரத்தில் ஒரு பள்ளம்
என்கிறது கம்பெனிச் சோதனைக் காகிதம்.
அந்தப் பள்ளத்தில் முளைத்திருக்கும்.

அறுபத்தெட்டு வெள்ளிப் பெட்டி
இன்னும் பிரிக்கவில்லை.

மாலை, லிஃப்டில் பதினோராம் மாடி
மடாம் சியோக் ஹூன், கையில் கங்கோங் கட்டு.
எங்களுக்கு நேர் கீழே.
ஐந்து எங்களுக்கு;
அந்தப் புள்ளி ஒன்று
தரையில் இறங்கி எப்போதும் அவருக்கு.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மத்தியானம் இடி கேட்டுச்சா உனக்கு?
மூங்கில் கழியோடு துணியை உள்ளே இழுத்தேன்.
எட்டிப் பார்த்தால் சுள்ளென்று வெயில்.
திரும்பப் போட்டேன். திரும்ப இடி.
நாலு தடவை!
முதல் இடி கொஞ்சம் தள்ளி.
அப்புறம் மூன்றும் ஒரே இடி,
அச்சு அசலாய் ஒரே இடி.
மழை எங்கே போய்த் தொலைந்தது?"